ஒன்பதாவது நட்டு

அறையில் நான்கு பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகு காட்டி மேலாளர். அவருக்கு வலப்பக்கம் தர ஆய்வுக்காரம்மா. அவர் முன்னால் உடைந்து திரும்பிய சக்கர நாற்காலியின் படங்கள். கதவோரம் அந்த நாற்காலிக்கு நட்டுப் பூட்டியவர், என் மனைவியின் அண்ணன். மேசைக் கோடியில் நான். நட்டுத் தட்டு நிரப்புவது என் வேலை. கையெழுத்து நன்றாக இருப்பதால் கடிதம் எழுதுவதும் என் தலையில் விழுந்தது.

ஒரு நாற்காலிக்கு எட்டு நட்டு. அதற்கென்று எட்டுக் குழி வைத்த தட்டு. வேலை முடிந்தபின் தட்டில் ஏதாவது மிஞ்சினால் எங்கோ ஒன்று பூட்டப்படவில்லை என்று அர்த்தம். தட்டு காலியானால்தான் நாற்காலி அடுத்த மேசைக்கு நகரும். மறந்தாலும் தப்பு வெளியே போகாதபடி செய்த ஏற்பாடு.

“உங்க லாக்கர்ல இருபத்திமூணு நட்டு. கடை போடப் போறீங்களா?” என்றார் மேலாளர்.

“மிஞ்சினது சார்,” என்றார் மச்சான்.

“மிஞ்சக் கூடாதுன்னுதானே தட்டு?”

மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. ஆய்வுக்காரம்மா படத்தை நகர்த்தினார். “சரிவுப் பாதையில சக்கரம் தனியா உருண்டிருக்கு. அந்தம்மாவுக்கு இடுப்பு எலும்பு போச்சு.”

“நாற்காலி வாங்கினவங்களுக்கு எழுதுங்க,” என்று மேலாளர் என்னிடம் சொன்னார். “பணியாளரோட கவனக்குறைவு. அவரை வேலையிலிருந்து எடுத்தாச்சு. தட்டு முறையில குறை எதுவும் இல்ல.”

முதல் இரண்டு வாக்கியங்களை எழுதினேன். மூன்றாவதில் பேனா நின்றது. பயம் ஒன்றும் இல்லை. ஊசி போட்ட ஈறு போல எல்லாம் மரத்திருந்தது.

“சார், தட்டுல ஒன்பது நட்டு போட்டது நான்தான்.”

“எதுக்கு?”

“ஒண்ணு கீழ விழுந்து உருண்டா, சீட்டு எழுதி வாங்க ஸ்டோர் வரைக்கும் ஓடணும். அதுக்குள்ள லைன் நின்னு திட்டு விழும். பாவமேன்னு கடைசிக் குழியில கூட ஒண்ணு போட்டுட்டு வந்தேன். விழலைன்னா அது மிஞ்சும். தட்டு காலியாகணுமேன்னு பாக்கெட்டுல போட்டுக்குவாங்க.”

“யாரு?”

“பூட்டுற ஆறு மேசையிலயும், எல்லாருமே.”

ஆய்வுக்காரம்மா நிமிர்ந்தார். “அப்ப இந்த நாற்காலியில எப்படிக் குறைஞ்சுது?”

“இதைப் பூட்டுன அன்னைக்கு நட்டு டப்பா தீர்ற நிலைமை. எல்லாத் தட்டுலயும் எட்டுதான் போட்டேன். அதை யார்கிட்டயும் சொல்லல.”

அதாவது, மிஞ்சிய அந்த ஒன்று பூட்ட வேண்டிய நட்டு. வழக்கம்போலப் பாக்கெட்டுக்குப் போய்விட்டது.

“அன்னைக்கு மொத்தம் எத்தனை நாற்காலி?”

“நாற்பத்திரெண்டு.”

ஆய்வுக்காரம்மா எழுந்து வராந்தாவுக்குப் போய், நாற்காலி வாங்கியவர்களிடம் தொலைபேசியில் பேச ஆரம்பித்தார். கதவு வழியாக நாற்காலி எண்கள் மட்டும் கேட்டன, ஒவ்வொன்றாக.

“மாப்ள,” என்றார் மச்சான், மெதுவாக. “வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா வீட்டுல ஒருத்தருக்காவது வேலை இருந்திருக்கும். தங்கச்சிக்கு நீயே பதில் சொல்லிக்கோ.”

“சொல்றேன் மச்சான்.”

நான் எழுதிய தாளை மேலாளர் கேட்டு வாங்கினார். படித்தார். கிழிக்கவில்லை, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“போன்ல சொன்னா பத்தாது, வாங்கினவங்க எழுத்துல கேக்குறாங்க,” என்றபடி ஆய்வுக்காரம்மா உள்ளே வந்தார்.

“வேற எழுதுங்க,” என்றார் மேலாளர். “உங்க ரெண்டு பேர் விஷயம் நாளைக்கு.”

எழுதினேன். நாற்பத்திரண்டு நாற்காலிகளிலும் யாரையும் உட்கார வைக்க வேண்டாம். எங்கள் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். தட்டில் கூடுதல் நட்டு போடப்பட்டு வந்தது. அதனால் தட்டு காட்டும் எச்சரிக்கையைப் பூட்டுபவர்கள் நம்புவதை விட்டிருந்தார்கள். போட்டவன் இந்தக் கடிதத்தை எழுதுபவன். மச்சானின் பெயரை எழுத வேண்டிய இடமே வரவில்லை. நாற்காலி எண்களை வரிசையாக எழுதி இரண்டு முறை ஒப்பிட்டேன்.

மேலாளர் கையெழுத்திட்டார். முத்திரை சற்றுச் சாய்ந்து விழுந்தது. தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டு, பசை தடவி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். வாசலில் கூரியர்காரர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே வாங்கினார். அவசரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரசீதைக் கிழித்துத் தந்துவிட்டு வண்டியை எடுத்தார்.