தீவுகளுக்கு ஒரு நாற்காலி

ஜெனீவாவில் லக்சாயினிக்கு வாய்த்த இடத்தை அலுவலகம் என்று சொல்வதற்குப் பெரிய மனது வேண்டும். ஒரு அறை, ஒரு மேசை, தேநீர் கொதிக்க வைக்க ஒரு கேத்தில். கதவில் மட்டும் பத்துப் பன்னிரண்டு நாடுகளின் பெயர்கள். தனித்தனியாக வாடகை கட்ட வசதியில்லாத குட்டித் தீவு நாடுகள் சேர்ந்து எடுத்த அறை அது. அவற்றுக்கெல்லாம் இங்கே ஒருங்கிணைப்பாளர் இவள்தான். பிறந்து வளர்ந்தது சுவிஸ் மலைமேல் லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில். கடலைப் பார்த்ததெல்லாம் விடுமுறைகளில்தான். உனக்கும் தீவுக்கும் என்ன பிள்ளை சம்பந்தம் என்று அம்மா ஜெயமலர் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், வேலைதானே அம்மா என்று சொல்லிச் சமாளிப்பாள். வெறும் வேலை என்பது பொய். அந்த மனிதர்களில் அவளுக்கு அவ்வளவு வாரப்பாடு, அவ்வளவு பாசம்.

அதிலும் செமிசி என்றால் ஒருபடி கூட. பசிபிக்கில் தலோவா என்ற தீவின் பிரதிநிதி அவர். மலை போன்ற ஆள், குரலோ பூனைக்குட்டியை எழுப்பக் கூசுகிற குரல். அறைக்குள் நுழைந்தால் நாற்காலிக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

அந்தக் கிழமை தீவுப் பிரதிநிதிகள் எல்லோரும் ஜெனீவாவுக்கு வந்திருந்தது ஒரே ஒரு நாற்காலிக்காக. உலக இணைய ஆலோசனைச் சபை பூமியை ஐந்து பிராந்தியமாகப் பிரித்து வைத்திருந்தது. பிராந்தியத்துக்கு ஓர் ஆசனம். தீவுகளோ மூன்று பெரிய பிராந்தியங்களின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆசனம் ஒருநாளும் வால்வரை வந்ததில்லை. தீவுகளுக்கென்று ஆறாவது ஆசனம் வேண்டும் என்று கேட்டபோது, பெரிய நாடொன்றின் பிரதிநிதி, மூன்று சமுத்திரங்களில் சிதறிக் கிடக்கிறவர்கள், ஆளாளுக்கு ஒன்று பேசுகிறவர்கள், எப்படி ஒரு பிராந்தியம் ஆவார்கள் என்று கேட்டுச் சிரித்தார். வியாழக்கிழமை முடிவு. அன்று தவறினால் இந்தப் பேச்சைப் பல வருடங்களுக்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

செமிசி பேசுவதென்று முடிவாயிற்று. உரையை எழுதியவள் லக்சாயினி. சபையில் ஆளுக்கு மூன்று நிமிடம்தான், பிறகு ஒலிவாங்கி தானாகச் செத்துவிடும். செமிசி கிழமை முழுக்க அந்த ஒற்றை அறையில் உரத்து வாசித்துப் பழகினார். மற்றத் தீவுக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு தேநீர் குடித்தார்கள். வந்த இடத்து மண்ணையும் தண்ணீரையும் மூத்தவர்களையும் வாழ்த்தாமல் வாய் திறக்கக்கூடாது என்பது செமிசியின் ஊர் வழக்கம். அவர் சேர்த்துக்கொண்ட அந்த வாழ்த்தே பாதி நேரத்தைத் தின்றது. வரவேற்புரைக்குள் நித்திரை கொண்டெழும்புகிற தமிழ்ச் சங்க விழாக்களில் வளர்ந்தவள் இவள், இந்த நோய் தெரியாதவளா? வாழ்த்து முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு அவரிடம் நீட்டினாள். அவர் அன்பாகத் தலையாட்டினார். தலையாட்டலை நம்பலாமா என்று தமிழச்சிக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஒலிவாங்கிகளைத் திறந்து மூடுகிறவன் வேறு யாருமில்லை, அவளுடைய கணவன் கிஷோபன். மண்டபத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் அவனுக்கு வேலை. வியாழன் காலை கோப்பி குடிக்கும்போது அவள் மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

"கிஷோ, இண்டைக்கு எங்கட ஆளுக்கு ஒரு அரை நிமிசம் கூட விடுங்கோவன்."

"ஏலாது லக்சா. பெரிய நாட்டுக்காரரையே நேரத்துக்கு வெட்டுறனான். உமக்கெண்டு விட்டா நான் அந்தக் கதிரையில இருக்கேலாது."

அவன் நியாயஸ்தன் என்பது அவளுக்குத் தெரியும். அன்று காலை அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

சபையில் முறை வந்ததும் செமிசி எழுந்தார். வெட்டி எறிந்த வாழ்த்து முழுதாக உயிரோடு வந்தது. ஏரியை வாழ்த்தினார். மலைகளை வாழ்த்தினார். மொழிபெயர்ப்பாளர்களை, இங்கே வர முடியாதவர்களை, இறந்துபோனவர்களை வாழ்த்தினார். பின்வரிசையில் லக்சாயினி கடிகாரத்தைப் பார்த்தாள். வாழ்த்தாமல் கேட்பது பறிப்பது மாதிரி என்று அவர் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த மனிதரை நோகவும் முடியவில்லை. நேரம் முடியப்போவதைக் காட்ட ஒலிவாங்கியின் விளக்கு மஞ்சளாயிற்று. அப்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"எங்கள் தீவின் கடலடிக் கேபிள் அறுந்த அன்று..."

சிவப்பு விளக்கு. ஒலிவாங்கி செத்தது. உதடுகள் மட்டும் அசைந்தன. ஒரு வினாடி பார்த்துவிட்டு, குறையொன்றும் இல்லாதவர்போல அமர்ந்தார். லக்சாயினி கண்ணாடிக் கூண்டைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

அடுத்துப் பேச இருந்தவர் கரிபியன் தீவொன்றின் பிரதிநிதி, நரைத்த தலையுள்ள அம்மையார். துறைமுகம் பற்றித் தன் அரசாங்கம் எழுதிக் கொடுத்த உரை அவர் கையில் இருந்தது. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"எங்கள் தீவின் கடலடிக் கேபிள் அறுந்த அன்று," என்று தொடங்கினார், "எந்தக் கேபிளை முதலில் திருத்துவது என்று ஓர் அறையில் முடிவெடுத்தார்கள். அந்த அறையில் எங்களுக்கு நாற்காலி இல்லை."

கிழமை முழுக்கக் காதைப் பொத்தியவர்கள்தான், ஆனால் செமிசியின் உரை வரிக்கு வரி பாடமாகியிருந்தது. அம்மையாரின் விளக்குச் சிவந்தபோது இந்து சமுத்திரத் தீவொன்றின் வழக்கறிஞர் தன் பெயர்ப்பலகையை நிமிர்த்தி, அனுமதி வாங்கி, விட்ட இடத்தில் எடுத்தார். இணையம் இல்லாமல் மருத்துவமனைக்கு வெளியூர் மருத்துவரின் ஆலோசனை கிடைக்காமல் போன கதை, தேர்வு எழுத முடியாமல் போன பிள்ளைகளின் கதை. எது எந்தத் தீவின் கதை என்று சபையில் ஒருவருக்கும் பிரிக்கத் தெரியவில்லை. எல்லாத் தீவிலும் அதுதானே நடந்தது. பலகைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒரே உரை மூன்று சமுத்திரங்களைச் சுற்றி வந்து முடிந்தது.

அதன்பிறகு தலைவர் அந்தப் பெரிய நாட்டுப் பிரதிநிதியின் பக்கம் திரும்பி, ஆளாளுக்கு ஒன்று பேசுகிறவர்கள் என்ற ஆட்சேபணை இன்னும் உண்டா என்று கேட்டார். அவர் இல்லை என்று தலையசைத்தார். ஆறாவது ஆசனத்துக்கான தீர்மானம் நிறைவேறியது. செமிசி லக்சாயினியைத் தேடி வந்து அணைத்துக்கொண்டு, அழகான உரை எழுதியதற்கு நன்றி என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மாலையில் ட்ராமுக்குக் காத்து நிற்கும்போது கோபத்தின் மிச்சத்தைக் கணவனிடம் கொட்டினாள்.

"எண்டாலும் அவர் முடிக்கிற வரைக்கும் விட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

கிஷோபன் அவள் பக்கம் திரும்பினான்.

"விட்டிருந்தா, செமிசி தனியத்தானே கதைச்சு முடிச்சிருப்பார்."

லக்சாயினி அவன் கையை எட்டிப் பிடித்தாள். ட்ராம் வரும்வரை விடவில்லை.