ஊ சான் லுவின் பங்கிட்ட நிலம்

சிட்னியில் லிட்கம் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த செங்கல் வீட்டுக்கு நர்ஸ் யோகராணி கால் புண்ணுக்கு மருந்து கட்டப் போவாள். சர்க்கரை வியாதிக்காரக் கிழவர். பெயர் ஊ சான் லுவின்.

பர்மாவில் ஒருகாலத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் படகோட்டிகள்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டுக் கும்பிடுவார்களாம். அவருடைய மகள் கின் லே சொல்லியிருந்தாள். வெள்ளைக்காரன் காலத்தில் குத்தகைக்காரர்களைத் திரட்டிச் சிறைக்குப் போனவர். சுதந்திரம் வந்ததும் நாடாளுமன்றம் போனார். வட்டிக்கடைக்காரர்கள் கையிலிருந்த வயல்களை மீட்டு, ஐராவதிக் கழிமுகத்தில் ஊர் ஊராய் உட்கார்ந்து பங்கிட்டுக் கொடுத்தார். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மறுபடி சிறை. எண்பத்தெட்டுக் கிளர்ச்சிக்குப் பிறகுதான் மகள் அவரைச் சிட்னிக்கு அழைத்துக்கொண்டாள்.

அன்று பிப்ரவரி வெயில் கொளுத்திய பிற்பகல். யோகராணி கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். கிழவர் ஜன்னலோரம் யாரும் உட்காராமல் கிடந்த கதிரையைப் பார்த்து வாய் திறந்தார்.

"இந்த வரப்பு வரைக்கும் நான் உழுததுங்க, சாமி."

அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவியது. அவளை 'யோக்காணி' என்றே கூப்பிடத் தெரிந்தவர் அவர். இந்தத் தமிழிலோ ஒரு பிசகு இல்லை. குரலும் அவருடையதல்ல, வாலிபக் குரல்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒரு சொல்கூடத் தெரியாது. அது அவன் சொல்வது. பங்கீட்டு நாளில் ஓர் இந்தியக் கூலி என் மேசை முன்னால் நின்று சொன்னான். வாழ்த்துகிறான் என்றார் குமாஸ்தா. தலையாட்டிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டேன். சிறைக்கும் வந்தான். இங்கேயும் வந்துவிட்டான். என்ன அர்த்தம், அம்மா?"

மறைக்கலாமா என்று யோசித்தாள். பிறகு உள்ளதைச் சொன்னாள்.

கிழவர் முகம் இறுகியது. "வெளிநாட்டானுக்கு நிலமில்லை என்பது சட்டம். அதற்குக் கை தூக்கியவன் நான். என் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். இன்றைக்கும் அதையே செய்வேன்."

சொல்லி முடிப்பதற்குள் அறையில் சேற்று வாடை எழுந்தது. அவர் வாய் மறுபடி திறந்தது.

"இப்ப அங்க யாருங்க உழுறாங்க?"

கிழவர் அவள் கையைப் பிடித்தார். "இது புதிது. இதுவரை சொன்னதில்லை. என்ன கேட்கிறான்?"

சொன்னாள்.

"யாரும் உழவில்லை. ராணுவம் முகாம் போட்டிருக்கிறது. நான் நிலம் கொடுத்த அத்தனை பேரையும் துரத்திவிட்டார்கள். அவனிடம் சொல். உங்கள் மொழியில் சொல்."

பைத்தியக்காரத்தனம் என்று தோன்றினாலும் யோகராணி கதிரைப் பக்கம் திரும்பினாள். "ஆமிக்காரர் இருக்கினம், அண்ணை. ஒருத்தரும் உழேல்லை." வாய் நிற்கவில்லை. "ஊரில எங்கட காணியும் அப்பிடித்தான்."

ஆள் எழுந்ததுபோலக் கதிரை முனகியது. காற்றே இல்லாத வீட்டில் வாசல் திரை விலகி விழுந்தது. கிழவர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதார். அதன்பிறகு, அந்தக் குளிர்காலத்தில் கண்ணை மூடும்வரை, அவர் வாயில் தமிழ் வரவேயில்லை.

அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது கணவன் சிவபாலன் கரண்டியோடு குசினியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஆரோட கதைச்சுக்கொண்டு வந்தனீர்?"

"ஒருத்தரோடயும் இல்லையே."

"வாசல்ல ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டதப்பா. இந்தியத் தமிழ். எங்கட காணி எந்தப் பக்கம் எண்டு கேட்டவர்."

யோகராணி பையை வைத்துவிட்டு மெல்ல வெளியே வந்தாள். தெருவில் ஒருவரும் இல்லை. புல் வெட்டும் யந்திரம் மட்டும் தூரத்தில் இரைந்தது.

"பலாலிப் பக்கம், அண்ணை," என்றாள். "கவனமாப் போங்கோ. மிதிவெடி இருக்கும்."