ஓடாமலே பாஸான டெஸ்ட்

கதவு திறந்திருக்கும்போதே சரக்கு லிஃப்ட் மேலே கிளம்பியது. ஒட்டகத்தின் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. உள்ளே இருந்த பாதம் நசுங்கிவிட்டது. ஒட்டகம் என்பது நாங்கள் வைத்த பெயர்; ஆள் அவ்வளவு உயரம். அவனும் நானும் ஒரே கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள்.

ஆஸ்பத்திரியில் அவன் கண் விழிப்பதற்குள் கிடங்கு மேனேஜர் ஒரு கதையைக் கட்டி முடித்துவிட்டார். ஓடுகிற லிஃப்டின் கதவை இவனே இழுத்துத் திறந்தானாம். அதனால் வேலை கிடையாது, வைத்தியச் செலவும் கிடையாது. லிஃப்ட் கம்பெனி ஆள் வந்து, லிஃப்டை ஓட்டும் கம்ப்யூட்டர் புரோகிராமில் கோளாறு இல்லை என்று கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

வந்த ஆள் என் மச்சான். என் மனைவியின் சொந்தத் தம்பி. அந்தப் புரோகிராமை எழுதுகிறவர்களில் ஒருவன்.

லிஃப்ட் அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இளித்தான்.

"பாருங்க மாமா, எல்லாம் பச்சை. எல்லா டெஸ்ட்டும் பாஸ்."

"எல்லாம் பச்சைன்னா அவன் கால் ஏன்டா செவப்பா இருக்கு?"

"கோவப்படாதீங்க. இது சி-ங்கற கம்ப்யூட்டர் பாஷையில எழுதினது. லிஃப்டை இயக்குற இந்தப் பழைய கன்ட்ரோல் பெட்டிக்கும், இப்ப வர்ற புதுப் பெட்டிக்கும் ஒரே புரோகிராம்தான். பெட்டிக்கு ஏத்த மாதிரி சில வரி மட்டும் மாறும். ரெண்டுக்கும் தனித்தனியா டெஸ்ட் ஓட்டித்தான் அனுப்புறோம்."

"கதவு திறந்திருந்தா நிக்கணும்னு டெஸ்ட் இருக்கா?"

"இல்லாமலா? இதோ, பாஸ்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கறது கிடக்கட்டும். இந்தப் பெட்டியில அது என்ன பண்ணுதுன்னு காட்டு."

"உங்களுக்குப் புரியாது மாமா."

"புரியாட்டிப் போகுது. காட்டு."

சலித்துக்கொண்டே அந்த டெஸ்ட்டைத் திறந்தான். எனக்கு அந்த வரிகள் ஒன்றும் புரியவில்லை. அவன் முகம் புரிந்தது. சிரிப்பு பாதியில் நின்றுபோயிருந்தது. மெல்ல லேப்டாப்பை மூடப் போனான். நான் நடுவில் கையை வைத்தேன்.

"என்னடா?"

"உள்ள... புதுப் பெட்டின்னா மட்டும் பாருன்னு ஒரு வரி இருக்கு. பழைய பெட்டிக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. காலி."

"காலியா இருந்தா எப்படி பாஸ்?"

"எதையும் பாக்கலேன்னா தப்பு வராதுல்ல. தப்பு வரலேன்னா பச்சை."

"அந்த வரியை எவன் வெச்சது?"

மச்சான் லேப்டாப் பையைத் தேடினான்.

"நீயா?"

"பழைய பெட்டியோட கதவு சென்சார் வேற மாதிரி மாமா. நாங்க எழுதின டெஸ்ட் அதுக்கு ஒத்து வரல. அனுப்பியே ஆகணும்னு மேல இருக்கறவங்க குதிச்சாங்க. அப்புறம் எழுதிக்கலாம்னு..."

அறைந்திருப்பேன். அவன் அக்கா முகம் குறுக்கே வந்தது.

"டெஸ்ட் ஓடலேன்னு காட்டியிருக்கலாமேடா! மஞ்சளோ கறுப்போ, ஏதோ ஒரு எழவு நிறம் போட்டிருக்கலாமே! பரீட்சைக்கே போகாதவனுக்கு பாஸ் போட உனக்கு எப்படிடா கை வந்துச்சு?"

சத்தம் கேட்டு மேனேஜர் உள்ளே வந்தார். "என்ன சார், கையெழுத்துப் போட்டாச்சா?"

மச்சான் என் காதோரம் குனிந்தான். "என் வேலை போயிடும் மாமா."

"அவனுக்குப் போயிடுச்சு. காலும் சேந்து."

மச்சான் லேப்டாப்பை மறுபடி மடிக்கு இழுத்தான். அந்த வரியை நீக்கினான். பழைய பெட்டிக்கென்று டெஸ்ட்டைப் புதிதாக எழுதி, பெட்டியோடு வயரை மாட்டி ஓட்டினான். சிவப்பு. மறுபடி ஓட்டினான். அப்போதும் சிவப்பு. கதவு திறந்ததைப் பழைய பெட்டி தாமதமாகச் சொல்கிறது. அதற்குள் புரோகிராம் லிஃப்டைக் கிளப்பிவிடுகிறது.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இதெல்லாம் எதுக்கு சார் கிளறிக்கிட்டு? முதல்ல வந்த பச்சையையே வெச்சு முடிச்சிடுங்களேன்."

"அந்தப் பச்சை பொய் சார்" என்றான் மச்சான். கோளாறு எங்கள் புரோகிராமில்தான், தொழிலாளி மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். லிஃப்டைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டான்.

வாசலில் "மாமா" என்று கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

"உன்மேல தப்பில்லேன்னு எழுதிக் குடுத்துட்டாங்கடா" என்று ஒட்டகத்திடம் சொன்னேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அப்போ மொத டெஸ்ட்டு என் கால்லதானா?" என்றான்.