ஆளுக்கு ஒரு தட்டு

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டிலேயே வாங்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். பேக்கிங் ஷெட்டில் நாங்கள் அறுபத்திரண்டு பேர். சீசன் தொடங்கியதும் சூப்பர்வைசர் செந்தூர்பாண்டி அண்ணன் என்னைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைக் காட்டினார்.

"பொன்மணி, நீதான பத்து வரைக்கும் படிச்ச புள்ள? மதியம் எல்லாப் போன்லயும் மெயிலத் தொற. எதிர்க் கம்பெனிக்காரன் ஊருக்கே அனுப்புற விலைப்பட்டியல் வந்திருக்கும். ஸ்பேம்னு தட்டிவிடு."

"அழிச்சாப் போதாதாண்ணே?"

"அழிச்சா ஒரு போன்லதான் போவும். அம்புட்டுப் பேரும் ஸ்பேம்னு தட்டினா மெயில் கம்பெனியே அதக் குப்பைன்னு முடிவு பண்ணிரும். பெறகு ஊர்ல எவனுக்கு அனுப்புனாலும் குப்பைக்குத்தான் போவும். ஓட்டுப் போடுற மாதிரி."

என்னோடு பேக்கிங் செய்யும் பிரீத்தி பக்கத்தில் நின்றாள். "ஓட்டுன்னா பிரியாணி எங்கண்ணே?"

"போத்தா அங்கிட்டு, வெடிய அடுக்கு."

எல்லாரும் போனைத் திறக்கும் விதத்தை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட் ரூமில் மின்விசிறி இருந்தது. யாருடனும் பேச வேண்டியதில்லை. தினமும் அறுபத்திரண்டு தட்டு. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

அப்போது நான் ஒரு மெயிலுக்காகக் காத்திருந்தேன். விஸ்வநத்தம் பட்டாசு ஆலை விபத்தில் அம்மாவின் வலது கை வெந்துபோனதால்தான் பள்ளியை விட்டேன். அப்படிப்பட்ட பிள்ளைகளை மறுபடி படிக்கவைக்கும் அறக்கட்டளை ஒன்று விருதுநகரில் நேர்காணல் நடத்தியது. லேப் டெக்னீஷியன் படிப்பு, தங்க ஹாஸ்டல். தேர்வானால் மெயில் வரும், ஐந்து நாளுக்குள் பதில் போட வேண்டும் என்றார்கள். தினமும் சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

மூன்றாவது வாரம் அழகுமீனா போன் செய்தாள். காரியாபட்டிக்காரி, நேர்காணலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

"ஏ பொன்மணி, ஒனக்குக் கெடச்ச சீட்ட வேண்டாம்னுட்டியாமே?"

"யாரு சொன்னா?"

"பதிலே போடலன்னு சொன்னாக. நான் வெயிட்டிங்ல இருந்தேன். எனக்குக் குடுத்துட்டாக. எனக்கு மெயிலே கெடையாதுல, அதான் போன்ல கூப்பிட்டுச் சொன்னாக."

ஸ்பேம் பக்கத்தைத் திறந்தேன். விலைப்பட்டியல்களுக்கு நடுவே கிடந்தது. 'வாழ்த்துகள் பொன்மணி.' வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அனுப்பிய முகவரியைப் பார்த்தேன். விலைப்பட்டியல் வரும் அதே முகவரி.

அறக்கட்டளைக்குப் போன் செய்தேன். போனை எடுத்த அம்மா பொறுமையாகத்தான் பேசினார்கள். "மொத்தமா மெயில் அனுப்ப முனியராஜ்னு ஒருத்தர்கிட்டக் குடுத்தோம்மா. அவர் பட்டாசுக் கம்பெனிகளோட விலைப்பட்டியலையும் அனுப்புறவரு. ஒங்களோட சேத்து நாலு பேர் பதிலே போடல. படிக்க இஷ்டமில்லன்னு நெனச்சுட்டோம்."

"இஷ்டந்தான்" என்றேன்.

"இப்பச் சொல்லி என்னம்மா செய்ய?"

மற்ற மூன்று பேர் யாரென்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வீட்டில் அம்மா இடது கையால் சோறு போட்டுக்கொண்டே, "மெயிலு வந்துச்சாத்தா?" என்றாள். தினமும் கேட்பதுதான்.

"வரலம்மா."

"நம்மளையெல்லாம் எங்க எடுக்கப் போறாக. சாப்பிடு."

மறுநாள் கேட்டில் கொடுப்பதற்கு முன் என் போனில் அந்த மெயிலை 'ஸ்பேம் இல்லை' என்று தட்டினேன். மதியம் அதே முகவரியிலிருந்து புது விலைப்பட்டியல் வந்தது. என் போனிலும் அது நேராகக் குப்பைக்குத்தான் போயிருந்தது.

செந்தூர்பாண்டி அண்ணன் சிரித்துக்கொண்டே வந்து ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸை மேசையில் வைத்தார். "எதிர்க் கம்பெனிக்கு ஆர்டரே இல்லையாம், பாத்தியா! மொதலாளி ஒனக்குன்னே குடுக்கச் சொன்னாரு."

"அண்ணே, அந்த முகவரியிலருந்து வேற யாருக்காச்சும் வேற மெயிலும் போயிருக்கும்ல?"

"போயிருக்கும். அதுல ஒனக்கென்ன?"

"ஒண்ணுமில்லண்ணே" என்று பிரீத்தியின் போனை எடுத்துத் திறந்து, 'ஸ்பேம் இல்லை' என்று தட்டினேன்.