மூத்தவள்

வேலியில் கட்டியிருந்த பனரின் கயிறு இறுகிக் கிடந்தது. தயாபரன் முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். உள்ளே பந்தலுக்குள் அவனுடைய அப்பா மயில்வாகனம் பெட்டியில் கிடந்தார். பறைக்காரர் தோல் காய்ச்ச வைக்கோலுக்கு நெருப்பு வைத்தார்கள். செத்தவீட்டில் மகனுக்கு எத்தனையோ வேலை இருக்க, அவன் முதலில் செய்தது இதைத்தான்.

"கெதியா அவிழடா. கிளிநொச்சி ஆக்கள் வரப்போகினம்," என்றார் சித்தப்பா ஐயாத்துரை. கிளிநொச்சி ஆக்கள் என்றால் தயாபரனின் மகள் யதுர்ஷிகாவைப் பெண் கேட்டிருப்பவர்கள்.

பனரில் பிழையாக ஒன்றுமில்லை. மல்லாவியில் எந்தச் செத்தவீட்டுக்கும் பள்ளிக்கூடமும் கமக்காரர் அமைப்பும் கட்டுகிற மாதிரியான கறுப்பு வெள்ளைப் பனர்தான். மேலே அப்பாவின் படம். கீழே, 'எங்கள் தேனுகாவின் அன்புத் தந்தைக்குக் கண்ணீர் அஞ்சலி'. வவுனியாவில் தேனுகா வேலை செய்யும் சங்கத்தார் முதல் பஸ்ஸில் அவளோடு வந்து கட்டியது. தேனுகா என்ற பெயர்தான் ஊருக்குப் பொறுக்கவில்லை.

அந்த வீட்டில் மூத்த மகனாகப் பிறந்து ஜெயந்தன் என்று வளர்ந்தவள், பதினாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் சீலை உடுத்திப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அன்று முற்றத்தில் நின்று ஐயாத்துரை போட்ட சத்தம் வாய்க்காலுக்கு அப்பாலும் கேட்டது. "ஆம்பிளையாப் பிறந்தவன் சாகுமட்டும் ஆம்பிளைதான்." அப்பா வாயே திறக்கவில்லை. அடுத்த நாள் அவள் வவுனியா நெளுக்குளத்தில் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டாள்.

இப்போது அங்கே அவளும் ராஜினி என்ற தோழியும் சங்கத்தின் பேரில் ஒரு வீடு எடுத்து, வீட்டால் துரத்தப்பட்டவர்களுக்குப் பாய் போட்டுக் கொடுக்கிறார்கள். அடையாள அட்டையில் பெயர் மாற்ற அலைகிறவர்களோடு கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறார்கள். போன ஆனியில் தங்கள் உரிமை கேட்டு வவுனியா வீதியால் ஊர்வலம் போனார்கள். தேனுகா முன்னுக்கு நின்று பனரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த படம் மல்லாவியின் போன்களில் எல்லாம் சுற்றியது. "பனர் தூக்கவோ இவனைப் பெத்து வளத்தது?" என்று ஐயாத்துரை தேத்தண்ணிக் கடையில் வைத்துக் கேட்டார். கடை சிரித்தது. தயாபரனும் சேர்ந்து சிரித்தான். சிரிக்காமல் விட்டால் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவனுக்குப் பயம்.

இத்தனை வருடத்தில் அவன் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணா என்பது வாயில் வரவில்லை. அக்கா என்பதை அவன் வரவிடவில்லை. போனில் "நான் தயா கதைக்கிறன்" என்று தொடங்கி, "சரி, வைக்கிறன்" என்று முடித்துவிடுவான்.

மூன்று கிழமைக்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா அவனுடைய கையைப் பிடித்தார். "கொள்ளிய அவள் வைக்கட்டும். தேப்பனுக்கு மூத்ததுதானே வைக்கிறது. மூத்தது அவள்தானே." அவள் என்றார். முதல் தடவை. தயாபரன் "ஓம் அப்பா" என்றான். பக்கத்தில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. அன்று பின்னேரம் அவளுக்கு மட்டும் போனில் சொன்னான். "சீலையோடதான் வருவன், தயா," என்றாள் அவள். அதற்கும் அவன் ஓம் என்றான்.

முடிச்சு அவிழ்ந்தது. பனரை நாலாக மடித்து, விறகு ஏற்றி நின்ற லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டிக்குள் செருகிவிட்டு உள்ளே போனான்.

தேனுகா தலைமாட்டில் இருந்தாள். அம்மா விமலேஸ்வரி அவளுடைய சீலைத் தலைப்பைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தாள். மற்றப் பெண்கள் ஒரு முழம் தள்ளி இருந்தார்கள். கிளிநொச்சி ஆக்கள் வந்து முன்வரிசைக் கதிரைகளில் இருந்துவிட்டார்கள்.

"கொள்ளி வைக்கிறவர் ஆர்? தோய்ஞ்சிட்டு வாங்கோ," என்றார் குருக்கள்.

தேனுகா எழும்பினாள். "நான்தான் ஐயா. தோய்ஞ்சிட்டுத்தான் இருக்கிறன்." அவளுடைய முடியிலிருந்து இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

பறை நின்றது. ஐயாத்துரை சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கலியாண வீட்டில் கதைப்பதுபோலக் கதைத்தார்.

"பிள்ளை, பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்ல. எங்கட வழக்கம் உமக்குத் தெரியும்தானே."

பதினாலு வருடமாக ஆம்பிளை, ஆம்பிளை என்று கத்திய வாய் அது. தேவை வந்ததும் ஒரே மூச்சில் அவளைப் பெண்ணாக்கி, வழக்கத்தையும் காட்டிவிட்டது. பந்தலில் ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. இரண்டு மூன்று பேர் தலையாட்டக்கூடச் செய்தார்கள்.

தேனுகா தயாபரனைப் பார்த்தாள்.

"தயா, அப்பா உன்னட்டை என்ன சொன்னவர்?"

ஒரு வசனம் போதும். அவனுக்கு அது தெரியும். முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் காதுக்குள் ஏதோ கேட்டார். குசினி வாசலில் யதுர்ஷிகா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

"அக்கா," என்றான். "நீங்கள் அம்மாவோட நில்லுங்கோ."

அந்தச் சொல்லுக்காக அவள் எவ்வளவு காலம் காத்திருந்தாள் என்று அவனுக்குத் தெரியும். கேட்டதும் அவளுடைய முகம் ஒரு கணம் மலர்ந்தே விட்டது. பிறகுதான் மிச்சத்தையும் சேர்த்து விளங்கிக்கொண்டாள்.

"சரி," என்றாள். சீலையை ஒதுக்கிக்கொண்டு பழையபடி இருந்தாள்.

தயாபரன் கிணற்றடிக்குப் போனான். வாளி வாளியாக அள்ளி ஊற்றினான். நாலு முழத்தைக் கட்டிக்கொண்டு வந்து, குருக்கள் சொன்னதெல்லாம் செய்தான். பெட்டி தூக்கியபோது பெண்கள் படலைமட்டும் வந்து நின்று அழுதார்கள். தேனுகா அழவில்லை. அம்மா விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கொள்ளிச்சட்டியோடு அவளைக் கடந்து போகையில் தயாபரன் நெருப்பையே பார்த்துக்கொண்டு போனான்.

சுடலையை நெருங்கும்போது தூறத் தொடங்கியது. கார்த்திகை மழை, விடுகிற மழையல்ல.

"விறகு நனையப்போகுது. படங்கு ஒண்டும் கொண்டரேல்லையோ?" என்றார் ஐயாத்துரை. ஒருவரும் கொண்டுவரவில்லை. லாண்ட்மாஸ்டர்காரர் பெட்டிக்குள் கிண்டி, மடித்துக் கிடந்ததை இழுத்தெடுத்தார். "இது காணும்," என்று ஐயாத்துரையே ஒரு மூலையைப் பிடித்தார். மற்ற மூன்று மூலைக்கும் மூன்று பேர். சிதைக்கு மேலே விரித்தார்கள். எழுத்துள்ள பக்கம் கீழே போனது. மழைக்குள் அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

தயாபரன் குடத்தோடு மூன்று தரம் சுற்றி வந்தான். சிதைக்கு முதுகு காட்டி நின்று, பின்பக்கமாகக் கொள்ளியை வைத்தான். "திரும்பிப் பாராமல் போங்கோ, தம்பி," என்றார் குருக்கள். நடந்தான். பத்தடி போயிருப்பான். பின்னால் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது.

"உயத்திப் பிடியுங்கோடா, எரியப்போகுது," என்றது ஐயாத்துரையின் குரல். "இன்னும் உயத்துங்கோ."

தயாபரன் திரும்பிப் பார்த்தான். நாலு பேரும் முழுக்கையையும் நீட்டி, தேனுகாவின் பெயரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழைக்குள் நின்றார்கள்.