மாதிரிக் குடுவை

குடுவைக்குச் சராசரியாக ஐம்பது கரு. அதற்குக் குறைந்தால் பன்னிரண்டு குடுவைகளையும் அவித்துக் கொட்டிவிட்டு, அவற்றை ஆட்டிக்கொண்டிருக்கும் ஷேக்கர் மெஷினை உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக் குழுவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஆய்வுக்கூடத் தலைவி அவளிடம் சொல்லிவிட்டார். இன்னும் மூன்று வாரம்தான்.

நோய் அண்டாத ஒற்றை மரத்தின் இலைத் துண்டிலிருந்து ஒன்றரை வருடமாக அவள் வளர்த்த செல்கள். விதையே இல்லாமல் அவை கருவாகி, கரு கன்றாக வேண்டும். ஆனால் குடுவைக்கு நாலைந்துக்கு மேல் தேறவில்லை.

"மீடியத்துல உப்பு கூடிப்போச்சோ?" என்றாள்.

"வீட்லதான் என் சமையலுக்குக் நீ குறை சொல்றே, இங்கயுமா?" என்றான், செல்கள் வளரும் ஊட்டக் கரைசலான மீடியத்தைத் தயாரிக்கும் அவள் கணவன். "மில்லிகிராம் பிசகாம நிறுத்திருக்கேன், தாயே."

எரிச்சலில், மாதிரிக் குடுவையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அடிக்கடி சோதனைக்காகக் கொஞ்சம் எடுத்து, எடுத்த அளவுக்குப் புது மீடியம் ஊற்றி வைக்கும், பன்னிரண்டில் சேராத குடுவை அது. அதை யாரும் எண்ணுவதில்லை.

முப்பத்தேழு கரு இருந்தது. மறுபடி எண்ணினாள். முப்பத்தேழேதான்.

"இங்க வாங்களேன்!"

அவன் குனிந்து பார்த்தான். "இதுல செல்லே பாதிதானே இருக்கு?"

"அதேதான். மத்ததுல ஒரே நெரிசல், ஒண்ணை ஒண்ணு தலையெடுக்க விடல. நிறையப் போட்டா நிறைய வரும்னு நான்தான் அள்ளிப் போட்டேன். முக்கால்வாசியைக் கொட்டிட்டு, மிச்சத்தைக் கழுவிப் புது மீடியத்துல விடப்போறேன்."

"ஒன்றரை வருஷ உழைப்புடி. தப்பாப் போச்சுன்னா?"

"சும்மா இருந்தாலும் கொட்டத்தானே போறாங்க? அதை நானே கொட்டறேன். மூணு லிட்டர் மீடியம் வேணும். முடியுமா, முடியாதா?"

அவன் கையுறையை மாட்டிக்கொண்டு தராசுப் பக்கம் திரும்பினான்.

சல்லடையில் வடித்தாள், கழுவினாள், கால்வாசியை மட்டும் குடுவைகளுக்குத் திருப்பினாள். கழிவுக் கேனில் மஞ்சளாகச் சரிந்த செல்களைப் பார்க்கக் கூடாதென்று நினைத்தாள், பார்த்தாள். கை மட்டும் நிற்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தலைவியே உட்கார்ந்து எண்ணினார். அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டு. அடுத்தது நாற்பத்தொன்று. பன்னிரண்டும் முடிந்தபோது சராசரி ஐம்பத்து மூன்று.

"ஷேக்கர் உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார் தலைவி. "உருளைக்கிழங்குக்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"கரு வந்தாப் போதுமா, மேடம்? கன்னு வரணுமே. அதுக்கு இன்னொரு அலமாரி குடுங்க."

கதவோரம் நின்ற கணவன் தொண்டையைச் செருமினான். "மீடியக்காரனை யாராவது கேட்டீங்களா? நாளைக்கு எத்தனை லிட்டர்?"

"அஞ்சு," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.