பேராசிரியர் என்று வாசிக்க வேண்டாம்

பேராசிரியர் என்ற சொல் காதில் விழுந்ததும் இராசேஸ்வரி அழுகையை நிறுத்திவிட்டாள்.

கணவரின் தமையன் பரராசசிங்கம் விறாந்தையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் ஊர்காவற்றுறைத் தபால் கந்தோருக்குப் போய், கொழும்பு வானொலிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்த மரண அறிவித்தல் அது. மத்தியானம் ஒலிபரப்பாகும். உறவில் யாருடைய பெயராவது விடுபட்டால் எட்டாம் நாள் செலவுக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சனம் என்று தெரிந்தவர். அதனால் உள்ளே இருக்கும் பெண்களுக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். "நாரந்தனையைப் பிறப்பிடமாகக் கொண்ட பேராசிரியர் கலாநிதி தியாகலிங்கம் காலமானார்" என்று தொடங்கியது அது.

அந்தத் தியாகலிங்கம் கூடத்தின் நடுவில் வெள்ளை வேட்டி சால்வையோடு கிடந்தார். விடுமுறைக்கு ஊருக்கு வந்த மனிதர், நேற்றுப் பின்னேரம் கிணற்றடியில் நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருந்தவர், அப்படியே சரிந்துவிட்டார். இரண்டு நாட்களில் திரும்பித் தெற்கே போய்க் கணக்கியல் வகுப்பு எடுக்க வேண்டியவர்.

இராசேஸ்வரி தலைமாட்டில் இருந்தபடியே சொன்னாள்.

"அத்தான், இவர் பேராசிரியர் இல்லை."

பெண்களின் ஒப்பாரி ஒரு கணம் தடுமாறியது. பரராசசிங்கம் கிட்ட வந்து குனிந்தார். இந்த நேரத்தில் இதென்ன கதை என்று கேட்டார். இந்த முறை பேராசிரியர் பதவிக்கு நேர்முகம் முடிந்துவிட்டது, தெரிவுசெய்தாயிற்று, பல்கலைக்கழகப் பேரவை கூடி ஒப்பம் வைப்பது ஒன்றுதான் பாக்கி என்று தம்பியே சொன்னானே என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. மாத்தறையில் முப்பது வருடம் கடை வைத்திருந்த மனிதர். கல்லாவில் இருந்து கொண்டே, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தம்பியின் படிப்பைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தவர்.

"செத்த மனிசனுக்கு ஒரு சொல்லு கூடினால் ஆருக்கு, பிள்ளை, நட்டம்?"

"அவருக்குத்தான் அத்தான் நட்டம்."

பரராசசிங்கத்துக்கு விளங்கவில்லை. விளங்க நியாயமும் இல்லை. பதினொரு வருடத்துக்கு முந்திய அந்த இரவில் சோற்றுக் கோப்பையோடு எதிரில் நின்றவள் அவள் ஒருத்திதானே.

தியாகலிங்கம் ஐம்பத்தாறாம் ஆண்டில் உதவி விரிவுரையாளராகச் சேர்ந்தவர். லண்டனுக்குப் போய்க் கலாநிதிப் பட்டத்தோடு திரும்பியபோது, பல்கலைக்கழகத்தில் இனித் தமிழிலும் சிங்களத்திலும் படிப்பிக்க வேண்டும் என்று வந்துவிட்டது. கணக்கியலைத் தமிழில் சொல்ல முடியாது என்று மற்றவர்கள் கையை விரித்தார்கள். இவர் மட்டும் ஆங்கிலப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, மாணவர்களுக்கு விளங்கும் சொல்லைத் தேடித் தேடிப் பாடம் எழுதினார். சொந்தமாக ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டிய காலமெல்லாம் அதிலேயே கரைந்தது. கடைசியில் கிரயக் கணக்கியலில் ஒரு புத்தகம் எழுதி அச்சகத்துக்குக் கொடுத்தார். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் கேட்டபோது அச்சகத்தில் வேலைநிறுத்தம்.

அந்தப் புத்தகத்தை விண்ணப்பத்தில் வெளிவந்ததென்றே போட்டுவிடும், யார் கேட்கப்போகிறார்கள் என்று தெரிவுக்குழுவில் இருந்தவரே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவர் அச்சில் இருக்கிறது என்றே எழுதினார். பதவி இவரிடம் படித்த ஒருவனுக்குப் போனது.

அன்றிரவு அவள் சோற்றைப் போட்டுவிட்டுப் பொரிந்து தள்ளினாள். ஒரு சொல்லை மாற்றினால் குடியா முழுகிப்போகும் என்று கேட்டாள். அவர் கையை நனைக்காமலே இருந்து சொன்னார்: "வருற வருசத்து வரவை இந்த வருசத்திலை எழுதினால் அது கணக்கில்லை, இராசேஸ். இதைத்தானே நான் பெடியளுக்குப் படிப்பிக்கிறன்."

அந்தப் பதில் அவளுக்குக் கனகாலம் எரிச்சலாகவே இருந்தது. பேராசிரியரின் மனைவி என்று யாராவது அழைக்கமாட்டார்களா என்று அவள் மனம் ஏங்கியது உண்மை. அவரைவிட அவளுக்குத்தான் அந்தப் பதவி வேண்டியிருந்தது. ஆனால் அவர் அந்தப் பதினொரு வருடமும் தன் மாணவனுக்குக் கீழே, முகம் கோணாமல் வேலை செய்துவிட்டுப் படுத்திருக்கிறார். இன்று பேராசிரியர் என்ற சொல்லைச் சும்மா தூக்கி அவர்மேல் போட்டால் அந்தப் பதினொரு வருடத்துக்கும் அர்த்தம் என்ன?

யாராவது தபால் கந்தோருக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள் என்று கேட்டாள். ஓம் ஓம், பார்ப்போம் என்றார்கள். ஒருவரும் அசையவில்லை. பறை அடிப்பவர்கள் வந்துவிட்டார்கள், ஐயரும் வந்துவிட்டார், இனி இந்தப் பேச்சு எதற்கு என்பதுதான் எல்லார் முகத்திலும் இருந்தது.

இராசேஸ்வரி எழுந்தாள்.

நாத்தனார் நாகபூசணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். பிரேதம் எடுக்க முன்னம் பெண்சாதி வாசல் படலை தாண்டுவதா, ஊர் என்ன சொல்லும், தாலிகூட இன்னும் கழற்றவில்லை என்று அழுதாள். இராசேஸ்வரி அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு முற்றத்தில் இறங்கினாள். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் படலையை நோக்கி நடந்தாள்.

படலையடியில் ஒரு கார் வந்து நின்றது. தியாகலிங்கத்தின் பீடாதிபதி கனகசபை இறங்கினார். அவரும் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்தவர், சேதி கேட்டுப் பண்ணைப் பாலத்தால் ஓடிவந்திருக்கிறார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்தான். பரராசசிங்கம் விரைந்து போய் விசயத்தைச் சொன்னார்.

கனகசபை அவளைத் தேற்றுவதாகவே நினைத்துக்கொண்டார். "நீங்கள் கவலைப்படாதையுங்கோ, மிசிஸ் தியாகலிங்கம். பேரவையிலை நான் கதைக்கிறன். கடிதத்திலை போன மாசத்துத் திகதியைப் போடுவிக்கலாம். அப்ப அவர் பேராசிரியராத்தான் செத்தவர். ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

பரராசசிங்கத்தின் முகம் மலர்ந்தது. வேண்டும் என்று சொல்லிவிடத்தான் இராசேஸ்வரியின் வாய் உன்னியது. எவ்வளவு காலம் காத்திருந்த சொல்.

"பதினொரு வருசத்துக்கு முதலும் ஒருத்தரும் கேக்கமாட்டினம் எண்டுதான் சொன்னவை, சேர்" என்றாள். "உயிரோடை இருக்கேக்கை தரேல்லை. இனி வேண்டாம். என்னைத் தபால் கந்தோரிலை கொண்டுபோய் விடுவியளோ?"

கனகசபை காரின் கதவைத் திறந்துவிட்டார்.

தபால் கந்தோரில் கொழும்புக்கு இணைப்புக் கிடைக்க நேரமெடுத்தது. தாலியோடும் கலைந்த தலையோடும் வந்து நின்றவளைப் பார்த்துத் தபாலதிபர் தன் கதிரையைக் கொடுத்தார். அவள் அதில் இருக்கவில்லை. இணைப்புக் கிடைத்ததும் மறுமுனைக்குத் திருத்தத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அறிவித்தல் வாசிப்பவரிடம் தாள் போயிருக்கும், முயன்று பார்க்கிறோம் என்றது மறுமுனை.

அவள் திரும்பி வந்தபோது பாடை கட்டி முடிந்திருந்தது. பழையபடி தலைமாட்டில் இருந்தாள். பரராசசிங்கம் கூடத்து மேசையில் இருந்த வானொலியின் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். செய்தி முடிந்தது. பறை நிறுத்தப்பட்டது. வேறு இரண்டு ஊர்களின் மரணங்கள் போயின. இராசேஸ்வரி கணவரின் குளிர்ந்த தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

"நாரந்தனையைப் பிறப்பிடமாகக் கொண்ட, கணக்கியல் சிரேஷ்ட விரிவுரையாளர் கலாநிதி தியாகலிங்கம்..."

பரராசசிங்கத்தின் கை வானொலியின் திருகிக்குப் போனது. நிறுத்தப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் சத்தத்தை முழுவதும் கூட்டி, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், முற்றத்துச் சனத்துக்கும் கேட்கும்படி விறாந்தைக் கட்டின்மேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார்.